மல்லாபூர் வடிகாலில் இறங்கும் பிளாஸ்டிக்

மூசி ஆறு எங்கே பிறக்கிறது என்று கேட்டால் புவியியல் பாடப்புத்தகம் விகாராபாத் அருகே அனந்தகிரி மலையைக் காட்டும். மழைக்காலத்துக்கு அது சரியான பதில். மற்ற மாதங்களில், ஐதராபாத்தின் கிழக்கே நாகோல் பாலத்துக்கு அடியில் கறுத்து நுரைத்து ஓடும் தண்ணீருக்கும் அந்த மலைக்கும் அதிக உறவில்லை. 1908 செப்டம்பர் வெள்ளத்தில் ஆயிரக்கணக்கான உயிர்களைப் பறிகொடுத்த பிறகு, பொறியாளர் விஸ்வேஸ்வரய்யாவின் யோசனையை ஏற்று நிஜாம் அரசு இரண்டு நீர்த்தேக்கங்களைக் கட்டியது. மூசியின் குறுக்கே உஸ்மான் சாகர் 1920இல் முடிந்தது. துணையாறான ஈசியின் குறுக்கே ஹிமாயத் சாகர் 1927இல் முடிந்தது. மேற்கேயிருந்து வரும் மழைநீரை அவை இரண்டும் பிடித்து வைத்துக்கொள்கின்றன. நகரம் இன்று குடிப்பது பெரும்பாலும் நாகார்ஜுன சாகரிலிருந்து மேலேற்றிக் கொண்டுவரும் கிருஷ்ணா நீரும், எல்லம்பள்ளியிலிருந்து வரும் கோதாவரி நீரும், மஞ்சீரா நீரும்தான். அந்த நீர் வீடுகளுக்குள் புகுந்து, சமையலறை, குளியலறை, வாஷிங் மெஷின் எல்லாவற்றையும் கடந்து, சாக்கடையாக மாறி மூசியில் விழுகிறது. கோடையில் மூசியின் ஊற்றுக்கண் ஐதராபாத் வீடுகளின் கழிவுநீர்க் குழாய்தான்.

ஆற்றில் நுண்பிளாஸ்டிக் எப்படி வந்தது என்று ஆராயப் புகுபவர்கள் முதலில் மனத்தில் கொள்ள வேண்டியது இதைத்தான். ஆறு வேறு, அதில் கலக்கும் கழிவு வேறு என்று பிரித்துப் பார்க்க மூசியில் இடமில்லை. ஒரு கோடி மக்கள் உடுத்துவது, பொட்டலம் கட்டுவது, ஓட்டிச் செல்வது எல்லாமே தேய்ந்து தேய்ந்து இந்தத் தண்ணீரில்தான் முடிகின்றன.

இந்தப் பாதையைப் பார்க்க மல்லாபூர் நல்ல இடம். நகரின் வடகிழக்கில், நாச்சாரத்துக்கும் சர்லபள்ளிக்கும் இடையே அது இருக்கிறது. மூன்று இடங்களுக்கும் சொந்தமாகத் தொழிற்பேட்டைகள் உண்டு. ரசாயனம், மருந்து, இன்ஜினியரிங், பேக்கேஜிங், பிளாஸ்டிக் என்று சிறிதும் பெரிதுமான ஆலைகள். பிளாஸ்டிக் தொழில்நுட்பம் கற்றுத்தரும் மத்திய அரசின் சிபெட் நிறுவனமும் சர்லபள்ளியில்தான் இருக்கிறது. ஆலைகளைச் சுற்றி ஆண்டுதோறும் அடர்ந்துவரும் குடியிருப்புகள். நிலம் தெற்கே மூசியை நோக்கிச் சரிகிறது. மழை பெய்தால் தெருவில் கிடப்பதெல்லாம் நாலா எனப்படும் வடிகால்களில் இறங்கி, உப்பல் நல்லசெருவு போன்ற ஏரிகளைத் தொட்டு, ஆற்றை நோக்கிப் போகிறது. அந்த ஓட்டத்தில் என்னென்ன போகிறது என்பதுதான் கேள்வி.

கண்ணில் படும் பாட்டிலும் பையும் எல்லோருக்கும் தெரிந்தவை. தெரியாதது அவற்றின் பின்பிறவி. 5 மில்லிமீட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் துண்டுகளை நுண்பிளாஸ்டிக் என்கிறார்கள். இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் தாம்சன் 2004இல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதிய சிறு கட்டுரைதான் இந்தப் பெயரை உலகமெங்கும் கொண்டுசென்றது. மொட்டைமாடியில் பல வருடம் வெயிலில் கிடந்த பிளாஸ்டிக் பக்கெட்டைத் தூக்கினால் விளிம்பு கையோடு பொடிந்து வரும். வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிர் பாலிமரின் நீண்ட சங்கிலிகளை அறுக்கிறது. ஆக்சிஜன் அந்த அறுந்த முனைகளில் சேர்கிறது. பொருள் வளைந்துகொடுக்கும் தன்மையை இழந்து நொறுங்குகிறது. நொறுங்குவது மட்கிப்போவதாகாது. ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள ஒரு பிளாஸ்டிக் கட்டி, பத்தில் ஒரு மில்லிமீட்டர் பக்கமுள்ள துண்டுகளாக உடைந்தால் பத்து லட்சம் துண்டுகள் கிடைக்கும். எடை மாறாது. ஆனால் 6 சதுர சென்டிமீட்டராக இருந்த மேற்பரப்பு 600 சதுர சென்டிமீட்டராகிவிடும். நஞ்சு ஒட்டவும் நுண்ணுயிர் குடியேறவும் நூறு மடங்கு இடம். சிறு உயிர்களின் வாய்க்குள் நுழையும் அளவும் அப்போதுதான் வருகிறது.

உடைந்து உருவாவது ஒரு வகை. பிறக்கும்போதே சிறிதாக இருப்பது இன்னொரு வகை. பிளாஸ்டிக் ஆலைகளுக்கு மூலப்பொருள் வருவது மூட்டை மூட்டையாகக் குருணை வடிவில். தொழிலில் இதைத் தானா என்பார்கள். அரிசிக் குருணையைவிடச் சற்றே பெரியது, சில மில்லிமீட்டர் இருக்கும். மூட்டை கிழிந்தாலும், லாரியிலிருந்து இறக்கும்போது கொட்டினாலும், வாசலைப் பெருக்கி வடிகாலில் தள்ளினாலும், அடுத்த மழைக்கு அது ஆற்றுப் பயணத்தைத் தொடங்கிவிடும். தமிழர்கள் இந்தக் குருணையை இரண்டு பெரிய விபத்துகளில் பார்த்திருக்கிறோம். 2021இல் கொழும்புக்கு அருகே எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பல் எரிந்து மூழ்கியபோது சுமார் 1,680 டன் குருணை கடலில் கொட்டி, இலங்கையின் மேற்குக் கடற்கரையை வெள்ளையாக மூடியது. 2025 மே மாதம் கேரளக் கடலில் எம்எஸ்சி எல்சா 3 மூழ்கியபோது அதே குருணை கன்னியாகுமரிக் கடற்கரை வரை வந்து ஒதுங்கியது. அவை செய்தியாயின. தொழிற்பேட்டைத் தெருக்களில் தினமும் சிந்தும் பிடிப்பிடியான குருணை செய்தியாவதில்லை. விபத்தைத் தடுப்பது கடினம். வாசலில் சிந்துவதைத் தடுப்பது எளிது. அதனால்தான் இந்த இரண்டாவது எனக்கு அதிகம் உறுத்துகிறது.

துணியிலிருந்து வருவது மூன்றாவது வகை. பாலியெஸ்டர், அக்ரிலிக், நைலான் எல்லாமே பிளாஸ்டிக் இழைகள். துவைக்கும்போது அவை உதிரும். பிளிமத்தில் இமோஜன் நேப்பரும் தாம்சனும் 2016இல் அளந்து பார்த்தார்கள். 6 கிலோ அக்ரிலிக் துணியை ஒருமுறை துவைத்தால் ஏழு லட்சம் இழைகளுக்கு மேல் வெளியேறலாம் என்று கண்டார்கள். பருத்திப் புடவையும் பருத்தி வேட்டியும் குறைந்து, தீபாவளித் துணியிலிருந்து பள்ளிச் சீருடை வரை பாலியெஸ்டர் கலந்துவிட்ட காலம் இது. வாஷிங் மெஷின் உள்ள ஒவ்வொரு வீடும் ஆற்றுக்கு இழை அனுப்புகிறது.

நான்காவது டயர். உப்பல் வழியாக வாரங்கல் நெடுஞ்சாலையில் ஓடும் ஒவ்வொரு லாரியும் பஸ்ஸும் பைக்கும் சாலையில் கொஞ்சம் ரப்பரை விட்டுச் செல்கின்றன. அதில் பாதிக்கு மேல் செயற்கைப் பாலிமரும் ரசாயனச் சேர்மங்களும். அமெரிக்காவின் சியாட்டில் பகுதி ஓடைகளில், மழை பெய்ததும் முட்டையிட வரும் கோஹோ சால்மன் மீன்கள் கூட்டமாகச் செத்துக்கொண்டிருந்தன. பல வருடம் காரணம் புரியவில்லை. 2020இல் கண்டுபிடித்தார்கள். டயர் ரப்பர் வெடிப்பு விடாமல் இருக்கச் சேர்க்கும் 6பிபிடி என்ற பொருள் காற்றில் உள்ள ஓசோனோடு சேர்ந்து குயினோன் ஒன்றாக மாறுகிறது. அது லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராமுக்கும் குறைவாக இருந்தாலே அந்த மீனைக் கொல்லப் போதுமானது. எல்லா மீனையும் அது அப்படிக் கொல்வதில்லை. ஆனால் பிளாஸ்டிக்கின் ஆபத்தைத் துகளில் மட்டும் தேடக்கூடாது, அதிலிருந்து கசியும் ரசாயனத்திலும் தேட வேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை. பிளாஸ்டிக்கில் சேர்க்கப்படும் அல்லது சேர்ந்துவிடும் ரசாயனங்கள் 16,000க்கு மேல் என்று 2024இல் வெளிவந்த ஒரு சர்வதேச அறிக்கை கணக்கிட்டது. அதில் நான்கில் ஒரு பங்கு உயிர்களுக்கோ சூழலுக்கோ தீங்கானவை.

ஆற்றில் விழுந்த துகள் நேராகக் கடலுக்குப் போய்விடும் என்றுதான் ஆரம்பத்தில் நினைத்தார்கள். ஆறு வெறும் குழாய் என்ற அந்த எண்ணம் தவறு. பாலிதீனும் பாலிப்ரொப்பிலீனும் தண்ணீரைவிட இலேசு, மிதக்கும். தண்ணீர் பாட்டில் செய்யும் பெட்டும், பைப் செய்யும் பிவிசியும் கனம், அமிழும். மிதப்பதும் வெகுநாள் மிதப்பதில்லை. சில நாட்களில் அதன்மேல் பாசியும் பாக்டீரியாவும் படர்ந்து கனத்து, களிமண்ணோடு சேர்ந்து கீழே போகும். ஆக ஆற்றுப்படுகைதான் பெரிய கிடங்கு. மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரேச்சல் ஹர்லியும் சக ஆய்வாளர்களும் தங்கள் நகரைச் சுற்றியுள்ள ஆறுகளின் படுகையைத் தோண்டிப் பார்த்து 2018இல் முடிவை வெளியிட்டார்கள். டேம் ஆற்றில் ஓரிடத்தில் ஒரு சதுர மீட்டரில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட துகள்கள். 2015-16 குளிர்கால வெள்ளம் வந்து போனபின் மறுபடி தோண்டினார்கள். படுகையில் இருந்ததில் சுமார் 70 சதவீதம் அடித்துச் செல்லப்பட்டிருந்தது.

ஐதராபாத்தில் இருப்பவர்களுக்கு 2020 அக்டோபர் 13ஆம் தேதி மழை மறக்காது. ஒரே இரவில் காலனிகள் மூழ்கின, ஏரிகள் உடைந்தன, மூசி கரை புரண்டது. 2025 செப்டம்பரில் மறுபடி மூசி பெருகி எம்ஜிபிஎஸ் பஸ் நிலையத்துக்குள்ளேயே தண்ணீர் புகுந்தது. இத்தகைய வெள்ளம் போனபின் ஆறு சில வாரம் தெளிந்து தெரியும். ஊரார் ஆறு கழுவிவிட்டது என்பார்கள். மான்செஸ்டர் ஆய்வை வைத்துப் பார்த்தால், ஆண்டு முழுவதும் படுகையில் சேர்ந்த பிளாஸ்டிக் கீழே உள்ளவர்களுக்கு அனுப்பப்பட்ட நாட்கள் அவை. மூசி சுமார் 240 கிலோமீட்டர் ஓடி, நல்கொண்டா மாவட்டத்தில் வாடப்பள்ளியில் கிருஷ்ணாவில் சேர்கிறது. அதற்குக் கீழே புலிச்சிந்தல அணை, விஜயவாடா, பிரகாசம் அணை, டெல்டா நெல்வயல்கள், பிறகு வங்கக் கடல். சென்னை வாசகர்கள் ஒரு விஷயத்தில் கவலைப்பட வேண்டாம். தெலுங்கு கங்கை வழியாகப் பூண்டிக்கு வரும் கிருஷ்ணா நீர் ஸ்ரீசைலத்திலிருந்து எடுக்கப்படுவது. மூசி கலப்பது அதற்கு வெகு கீழே. ஆனால் சென்னைக்கு அதன் சொந்த நுண்பிளாஸ்டிக் உண்டு. செங்குன்றம் ஏரியில் நடந்த ஓர் ஆய்வு லிட்டருக்குச் சராசரியாக 5.9 துகள்களைக் கண்டது. குடிநீர் ஏரி அது.

துகள் இருக்கிறது, சரி. அதனால் என்ன கெடுகிறது? இங்கேதான் நிதானம் தேவை. ஆய்வகத்தில் பல சோதனைகள் ஆற்றில் இருப்பதைவிட மிக அதிக அளவு துகளைக் கொடுத்துச் செய்யப்பட்டவை. கடையில் வாங்கிய வழவழப்பான உருண்டைத் துகள்களை வைத்துச் செய்தவை. ஆற்றில் கிடப்பதோ முனை கூர்ந்த சில்லும் முறுக்கிய இழையும். எனவே ஒரு சோதனைத் தொட்டியில் மீன் செத்ததை வைத்து ஆற்றின் மீனெல்லாம் சாகப்போகிறது என்று எழுதுவது பிழை. அதேபோல், ஆற்றில் மீன் உயிரோடிருக்கிறதே என்று நிம்மதியடைவதும் பிழை. தீங்கு பெரும்பாலும் சாவாக வருவதில்லை. பசி மந்தம், வளர்ச்சிக் குறைவு, முட்டைக் குறைவு என்றுதான் வருகிறது. நீர்த்தெள்ளு போன்ற வடிகட்டித் தின்னும் உயிர்கள் பாசியோடு துகளையும் விழுங்குகின்றன. குடல் நிறைகிறது, சத்து இல்லை. அவற்றைத் தின்னும் மீனுக்கும் குறைவான உணவே கிடைக்கிறது. ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் 2017இல் வெளியிட்ட ஆய்வில், மைக்ரோமீட்டரிலும் சிறிய நானோ துகள்கள் பாசியிலிருந்து நீர்த்தெள்ளுக்கும் அங்கிருந்து மீனுக்கும் போய், மீனின் மூளைவரை சென்றிருந்தன. அந்த மீன்களின் இரைதேடும் வேகம் குறைந்திருந்தது.

நமக்கு இன்னும் அருகில் ஒரு சான்று உண்டு. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் உபேந்திர நோங்தொம்பாவும் அவருடைய மாணவர்களும் கிருஷ்ணராஜ சாகர் அணைப் பகுதியில் காவிரி நீரை எடுத்தார்கள். வேகமாக ஓடும் இடம், மெதுவாக ஓடும் இடம், தேங்கி நிற்கும் இடம் என்று மூன்று வகை. அதில் நுண்பிளாஸ்டிக்கும், பிளாஸ்டிக் தயாரிப்போடு தொடர்புடைய சைக்ளோஹெக்சைல் குழுவைக் கொண்ட ரசாயனமும் இருப்பதை ராமன் நிறமாலைக் கருவி காட்டியது. அந்த நீரில் வரிக்குதிரை மீனின் கருக்களை வளர்த்தபோது, மெதுவான நீரிலும் தேங்கிய நீரிலும் வளர்ந்தவற்றுக்கு எலும்புக் கோணல், மரபணுச் சேதம், இதயக் கோளாறு, அதிகச் சாவு. நுண்ணுயிர்களை வடிகட்டி நீக்கிய பிறகும் இதே நிலை. மேட்டூருக்கு வந்து சேரும் ஆற்றின் தண்ணீர் அது. பிளாஸ்டிக் மட்டுமே குற்றவாளி என்று அந்த ஆய்வு நிறுவிவிடவில்லை. நீரில் பல மாசுகள் சேர்ந்தே இருக்கின்றன. ஆனால் ஆற்று நீரை அப்படியே எடுத்துச் செய்த சோதனை என்பதால் அதன் சாட்சியம் கனமானது.

ஆற்றில் சேர்ந்தது ஆற்றோடு நின்றுவிடும் என்றும் நினைக்க முடியாது. கொசுவின் புழு தண்ணீரில் வாழ்கிறது, கொசு காற்றில் பறக்கிறது. புழுப் பருவத்தில் விழுங்கிய இரண்டு மைக்ரோமீட்டர் துகள்கள், கூட்டுப்புழு ஆகி உருமாறிப் பறக்கும் கொசுவின் உடலிலும் தங்குகின்றன என்று இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகம் 2018இல் காட்டியது. சோதித்தது க்யூலெக்ஸ் இனத்துக் கொசு. மூசிக் கரையில் மாலை ஆனால் கதவைச் சாத்த வைக்கும் கொசுவும் அதே இனவகை. அந்தக் கொசுவைத் தவளை தின்னும், தட்டான் தின்னும், வௌவால் தின்னும், தைலான் குருவி தின்னும். வேல்ஸ் நாட்டு ஆறுகளில் பூச்சி தேடித் தின்னும் டிப்பர் என்ற சிறு பறவை நாளொன்றுக்குச் சுமார் 200 பிளாஸ்டிக் துணுக்குகளை இரையோடு சேர்த்து விழுங்குகிறது என்று கார்டிஃப் பல்கலைக்கழகம் 2020இல் கணித்தது. குஞ்சுகளுக்கு ஊட்டும் இரையிலும் அது இருந்தது. வேல்ஸின் மலையோடைகள் மூசியைவிடப் பலமடங்கு சுத்தமானவை.

இதுவரை சொன்னது எந்த நகரத்து ஆற்றுக்கும் பொருந்தும். ஐதராபாத்துக்கென்று தனியான ஒரு ஆபத்து இருக்கிறது. அதைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுகிறேன்.

தண்ணீரில் விழுந்த பிளாஸ்டிக் துகள் சில மணி நேரத்துக்குள் வழுவழுப்பான ஓர் உயிர்ப்படலத்தால் மூடப்படுகிறது. பாக்டீரியா, பூஞ்சை, பாசி எல்லாம் அதில் நெருக்கமாகக் குடியிருக்கின்றன. சுற்றியிருக்கும் நீரில் உள்ள உயிர்க் கூட்டமும் துகளின்மேல் உள்ள கூட்டமும் வேறு வேறு என்று 2013இல் எரிக் செட்லர், லிண்டா அமரல்-செட்லர், டிரேசி மின்சர் மூவரும் அட்லாண்டிக் கடலில் கண்டார்கள். மரக்கட்டையும் இலையும்கூட இப்படிக் குடி தருபவைதான். அவை மட்கிவிடும். பிளாஸ்டிக் ஆண்டுக்கணக்கில் மட்காமல் ஊர் ஊராகப் போகும் பரிசல். நெருங்கி வாழும் பாக்டீரியாக்கள் தங்களுக்குள் மரபணுத் துண்டுகளைக் கைமாற்றிக்கொள்ளும். அந்தத் துண்டுகளில் ஆன்டிபயாட்டிக் மருந்தை எதிர்க்கும் மரபணுவும் இருக்கும். நுண்பிளாஸ்டிக்கின்மேல் இந்தக் கைமாற்றம் திறந்த நீரில் நடப்பதைவிட அதிகம் என்று ஜெர்மனியில் 2018இல் ஏரிநீரை வைத்து நிரூபித்தார்கள். 2025இல் பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஈ-கோலை பாக்டீரியாவைப் பிளாஸ்டிக் துகள்களோடு வளர்த்து, சிப்ரோஃப்ளாக்சசின் உட்பட நான்கு ஆன்டிபயாட்டிக்குகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். பிளாஸ்டிக் இருந்த இடத்தில் எதிர்ப்பு வேகமாகவும் வலுவாகவும் வளர்ந்தது.

சிப்ரோஃப்ளாக்சசின் என்ற பெயர் ஐதராபாத்துக்குப் பழக்கமானது. ஸ்வீடன் விஞ்ஞானி ஜோகிம் லார்சன் குழு 2007இல் ஒரு கட்டுரை எழுதியது. நகரின் மேற்கே படான்செருவில் சுமார் 90 மருந்து ஆலைகளின் கழிவைப் பெற்றுச் சுத்திகரிக்கும் பொது நிலையத்திலிருந்து வெளியேறிய நீரை அவர்கள் அளந்தார்கள். லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின். மாத்திரை சாப்பிட்ட நோயாளியின் இரத்தத்தில் இருப்பதைவிட அதிகம். சுத்திகரித்து வெளியே விட்ட நீரின் நிலை அது. அப்போது அந்தக் கழிவு மஞ்சீரா பக்கம் ஓடைகளில் போய்க்கொண்டிருந்தது. பிறகு சுமார் 18 கிலோமீட்டர் குழாய் போட்டு நகரச் சாக்கடையோடு இணைத்து, மூசிக் கரையில் உள்ள அம்பர்பேட் சுத்திகரிப்பு நிலையத்துக்குத் திருப்பினார்கள். அந்தக் காலத்துக்குப் பின் விதிகள் இறுகியிருக்கின்றன, சில ஆலைகள் கழிவை வெளியே விடாத முறைக்கு மாறியிருக்கின்றன. இருந்தாலும் நாட்டின் மருந்துத் தலைநகரான ஊர் இது. ஆலை, மருத்துவமனை, ஒரு கோடி மக்களின் மாத்திரை மிச்சம் எல்லாம் ஒரே ஆற்றில். அதே ஆற்றில் மனிதக் குடலிலிருந்து வரும் பாக்டீரியா. அதே ஆற்றில் இரண்டையும் ஒட்டவைக்கும் பிளாஸ்டிக் பரப்பு. மருந்து, கிருமி, துகள் மூன்றையும் மூன்று துறைகள் தனித்தனிக் கோப்பில் வைத்துப் பார்க்கின்றன. மூசியில் அவை ஒன்றாகவே இருக்கின்றன.

ஆறு வயலுக்கும் போகிறது. உப்பலைத் தாண்டி பீர்ஜாதிகூடாவிலிருந்து கிழக்கே, மூசியின் குறுக்கே பழங்காலத்திலிருந்தே கத்வா என்ற தடுப்பணைகள் உண்டு. அவற்றிலிருந்து கால்வாய் பிரிந்து ஏரிக்கும் வயலுக்கும் போகும். நகர எல்லையில் மாட்டுத் தீவனமான பாரா புல்லும், இன்னும் கீழே நெல்லும் இந்தக் கழிவுநீரில்தான் விளைகின்றன. சர்வதேச நீர் மேலாண்மை நிறுவனம் பல வருடங்கள் இங்கே ஆராய்ந்து எழுதியிருக்கிறது. மழை பொய்த்தாலும் வற்றாத தண்ணீர், உரச்சத்து நிறைந்த தண்ணீர் என்பதால் விவசாயிகளுக்கு இது வாழ்வாதாரம். அவர்களைக் குறை சொல்ல யாருக்கும் உரிமையில்லை. நகரம் கழித்ததைக் கொண்டு அவர்கள் நகரத்துக்குப் பாலும் அரிசியும் தருகிறார்கள். ஆனால் தடுப்பணைக்குப் பின்னே தண்ணீர் தேங்கும்போது வண்டல் படிகிறது, வண்டலோடு துகளும் படிகிறது. பாசனத்தில் வயலுக்குப் போன துகள் திரும்பி வருவதில்லை. கோதுமை, லெட்டூஸ் செடிகளின் பக்கவேர் முளைக்கும் இடத்திலுள்ள நுண்ணிய வெடிப்பு வழியாக மைக்ரோமீட்டர் அளவுள்ள துகள்கூட உள்ளே ஏறும் என்று சீன விஞ்ஞானிகள் 2020இல் காட்டினார்கள். மண்புழுவின் வளர்ச்சியைப் பிளாஸ்டிக் கலந்த சருகு குன்றச் செய்வதை நெதர்லாந்தில் பார்த்திருக்கிறார்கள். மூசிப் பாசன நிலங்கள் பல தலைமுறையாகச் சேர்த்துக்கொண்டிருக்கும் நிலங்கள்.

மனித உடலைப் பற்றி ஒன்றிரண்டு வார்த்தை போதும். இரத்தத்திலும் நஞ்சுக்கொடியிலும் துகள்கள் கண்டிருக்கிறார்கள். 2024இல் இத்தாலிய மருத்துவர்கள், கழுத்துத் தமனியில் படிந்த கொழுப்பை அறுவை செய்து எடுத்த 257 பேரைத் தொடர்ந்து கவனித்தார்கள். கொழுப்பில் பிளாஸ்டிக் இருந்தவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம், மரணம் ஆகியவை நான்கரை மடங்கு அதிகம். இது தொடர்பைக் காட்டுகிறது, காரணத்தை நிறுவவில்லை. அந்த ஆய்வாளர்களே அப்படித்தான் சொல்கிறார்கள்.

சுத்திகரிப்பு நிலையம் கட்டினால் தீர்ந்துவிடாதா? பாதி தீரும். ஐதராபாத் பெருநகர நீர் வாரியம் 31 புதிய நிலையங்களை, நாளொன்றுக்குச் சுமார் 126 கோடி லிட்டர் திறனில் கட்டும் திட்டத்தை 2021இல் எடுத்தது. அது அவசியமான, பாராட்ட வேண்டிய வேலை. நன்றாக இயங்கும் நிலையம் துகள்களில் 90 சதவீதத்துக்கு மேல் பிடித்துவிடும். ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ அருகே ஒரு நிலையத்தை 2016இல் அளந்தபோது 98 சதவீதம் பிடித்தது. மிச்சம் 2 சதவீதம் மட்டுமே ஆற்றுக்குப் போனது. அது நாளொன்றுக்கு ஆறரைக் கோடி துகள்! பிடிபட்ட 98 சதவீதமும் மறைந்துவிடவில்லை, அடியில் தங்கும் சகதியில் இருக்கிறது. அந்தச் சகதியை எருவாக வயலில் போட்டால், ஆற்றுக்குப் போகாமல் காப்பாற்றியது நிலத்துக்குப் போய்ச் சேரும். மல்லாபூர் தெருவில் கிடக்கும் டயர்ப் பொடியும் தானாவும் மழைநீரோடு நாலாவில் போகின்றன. பெருமழையில் அவை எந்தச் சுத்திகரிப்பு நிலையத்தின் வாசலையும் மிதிப்பதில்லை.

ஆகவே ஆற்றில் இறங்கிய பின் பிடிப்பது தோற்ற வேலை. வழியிலேயே பிடிக்க வேண்டும். பிளாஸ்டிக் ஆலைகளின் வாசலிலும் வடிகால் வாயிலிலும் சல்லடை பொருத்துவது, சிந்திய குருணையைத் தண்ணீர் விட்டுக் கழுவாமல் உறிஞ்சும் கருவியால் அள்ளுவது, மூட்டை இறக்கும் இடத்தைக் கூரையிட்டு வரம்பு கட்டுவது. இவற்றுக்குப் புதிய விஞ்ஞானம் வேண்டாம், பெரிய செலவும் இல்லை. தொழிற்பேட்டை உரிமத்தோடு இந்த நிபந்தனையைச் சேர்த்தால் போதும். வாஷிங் மெஷினில் இழை வடிகட்டி பொருத்த வேண்டும் என்று பிரான்ஸ் 2020லேயே சட்டம் இயற்றியது. இந்தியாவில் விற்கும் மெஷின்களுக்கும் அதைக் கேட்கலாம். 2022 டிசம்பர் 31 முதல் 120 மைக்ரானுக்கு மெல்லிய பிளாஸ்டிக் பைகள் நாடு முழுவதும் தடை செய்யப்பட்டவை. உப்பல் சந்தையிலும் கோயம்பேட்டிலும் அவை இன்னும் கை மாறுகின்றன. மெல்லிய பைதான் சீக்கிரம் நொறுங்குவது.

எல்லாவற்றுக்கும் முன்னால் எண்ண வேண்டும். நுண்பிளாஸ்டிக் அளப்பது சுலபமில்லை. 0.3 மில்லிமீட்டர் வலையில் பிடித்தவர் கணக்கும், வடிதாளில் பிடித்தவர் கணக்கும் ஆயிரம் மடங்கு வேறுபடலாம். சிறிய துகளும் இழையும் வலைக்குத் தப்பிவிடும். மண்ணைக் கனமான உப்புக் கரைசலில் கலக்கிப் பிளாஸ்டிக்கை மிதக்கவிட்டு, ஹைட்ரஜன் பெராக்சைடால் கரிமப்பொருளைக் கரைத்து, அகச்சிவப்பு அல்லது ராமன் கருவியில் ஒவ்வொரு துகளும் எந்தப் பாலிமர் என்று பார்க்க வேண்டும். பொறுமையான வேலை. ஆனால் இதைச் செய்யத் தெரிந்த கூடங்கள் மல்லாபூருக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. தார்நாகாவில் இந்திய ரசாயனத் தொழில்நுட்ப நிறுவனம், உப்பல் சாலையில் தேசியப் புவி இயற்பியல் நிறுவனமும் உயிரணு மூலக்கூறு உயிரியல் மையமும். 2020இல் கொரோனா பரவியபோது இதே சாக்கடை நீரைச் சோதித்து நகரில் எத்தனை லட்சம் பேருக்குத் தொற்றியிருக்கலாம் என்று கணித்துச் சொன்னவர்களும் இவர்களில் உண்டு. சாக்கடையைப் படிக்கத் தெரிந்த ஊர் இது.

ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் திருத்திய கழிவுநீர்ச் சட்டத்தில் சுத்திகரிப்பு நிலையங்களில் நுண்பிளாஸ்டிக்கை அளக்கும் கடமையைச் சேர்த்திருக்கிறது. கலிஃபோர்னியா 2018லேயே குடிநீருக்கு அப்படிச் சட்டம் செய்தது. இந்தியாவில் உணவில் நுண்பிளாஸ்டிக் அளக்கும் முறைகளை உருவாக்க உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024இல் வேலை தொடங்கியது. ஆறு இன்னும் காத்திருக்கிறது. தெலங்கானா மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மூசியில் பல இடங்களில் தவறாமல் நீரெடுத்துக் கரைந்த ஆக்சிஜனையும், கரிமக் கழிவையும், கோலிஃபார்ம் பாக்டீரியாவையும் அளந்து பட்டியலிடுகிறது. மூசிக் கரையை அழகாக்க ஆயிரக்கணக்கான கோடிகளில் திட்டம் பேசப்படும் இந்த நேரத்தில், அந்தப் பட்டியலில் மூன்று கட்டங்களைக் கூட்ட வேண்டும்: பிளாஸ்டிக் துகள், ஆன்டிபயாட்டிக் மிச்சம், எதிர்ப்பு மரபணு. நீரில் மட்டும் போதாது, படுகை வண்டலிலும் கத்வா கால்வாய்களிலும் அளக்க வேண்டும். மழைக்கு முன் ஒருமுறை, வெள்ளம் வடிந்தபின் ஒருமுறை. கூவம், அடையாறு, நொய்யல், வைகை எல்லாவற்றுக்கும் இதே கோரிக்கையைத் தமிழ்நாட்டில் இருப்பவர்களும் தங்கள் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் எழுதிக் கேட்கலாம்.